நடுக்கட்டத்தில் டிக் அடித்தால் என்ன குற்றம்?

பென்னாகரத்தான்: நேற்று இங்கே ஒரு விரிவுரையாளர் எழுதியிருக்கிறார். பாடத்திட்டத்தின் தரம் பற்றி ஆசிரியர்களிடம் கேட்கும் படிவத்தில், ‘ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘மறுக்கிறேன்’ வரையிலான ஐந்து கட்டங்களில், ‘முடிவு செய்யவில்லை’ என்ற நடுக்கட்டத்தை நீக்கிவிட வேண்டுமாம். ஆசிரியர்கள் அதில் ஒளிந்துகொள்கிறார்களாம். ஒளிவதற்கு நாங்கள் என்ன கோழியா திருடினோம்? 2018இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தன. பாதிகூட நடத்தி முடிக்காதவரிடம் ‘பாடத்திட்டம் தரமானதா’ என்று கேட்டால் நடுவில்தான் டிக் அடிப்பார். அதற்குப் பெயர் நேர்மை.

கிருஷ்ணகிரி விரிவுரையாளர்: சுற்றி வளைக்க வேண்டாம் ஐயா, எழுதியது நான்தான். ‘பாடங்கள் கடினமாக உள்ளன’ என்பதற்கும் நடு, ‘பாடங்கள் எளிதாக உள்ளன’ என்பதற்கும் நடு. மேலிருந்து கீழே ஒரே கோடு. இதுதான் உங்கள் நேர்மையா? நான்கு கட்டம் மட்டும் வைத்தால் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதானே ஆக வேண்டும்.

பென்னாகரத்தான்: அந்தப் படிவத்தை எப்போது நீட்டினீர்கள்? சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் முடிந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பஸ்ஸுக்கு ஓடுகிறவர் கையில் திணித்தால் கோடுதான் வரும். நடுவை எடுத்தால் அதே கோடு ‘ஒப்புக்கொள்கிறேன்’ பக்கம் நகரும். சராசரி ஏறும். நீங்கள் கட்டுரை போட்டுவிடுவீர்கள். இந்த வகைப் படிவத்தை உருவாக்கிய லிக்கர்ட் 1932இல் எழுதியபோதே நடுக்கட்டம் இருந்தது. அவரைவிட நீங்கள் பெரியவரா?

அரூர் டீச்சர்: தரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? இருக்கிற வேலை நாட்களுக்குள் பாடம் முடிவதையா, பிள்ளையின் வயதுக்குப் பொருந்துவதையா, பாடமும் தேர்வும் ஒத்துப்போவதையா?

பென்னாகரத்தான்: அதை அப்புறம் பார்க்கலாம் டீச்சர். முதலில் நடுக்கட்டத்துக்குப் பதில் வரட்டும்.

கிருஷ்ணகிரி விரிவுரையாளர்: என் படிவத்தின் நம்பகத்தன்மையைக் காட்டும் கிரான்பாக் ஆல்பா என்ற எண் உயர்வாகவே வந்தது. புள்ளியியல் தெரிந்தவர்கள் பேசினால் நல்லது.

பாலக்கோடு கணக்கு: தெரிந்ததால் சொல்கிறேன். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் ஆல்பா காட்டும். ஒரே கேள்வியைப் பத்து விதமாகத் திருப்பிக் கேட்டாலும் ஏறும். அளந்தது பாடத்திட்டத்தையா, ஆசிரியரின் அலுப்பையா என்று அது சொல்லாது. இன்னொன்று, ‘ஓரளவு’ வேறு, ‘தெரியாது’ வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைத்ததுதான் கோளாறு.

பென்னாகரத்தான்: பார்த்தீர்களா, நடுக்கட்டம் வேண்டும் என்கிறார்.

பாலக்கோடு கணக்கு: நான் அப்படிச் சொல்லவில்லை.

ஓசூர்க்காரன்: தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு வழி, கன்னட வழி வகுப்புகள் இருப்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? படிவமோ தமிழில் மட்டும். ‘பாடநூலின் மொழி எளிமையாக உள்ளது’ என்றால் எந்தப் பாடநூல்?

பென்னாகரத்தான்: ஆரம்பித்துவிட்டார். 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்ததிலிருந்து எதை எடுத்தாலும் உங்களுக்குத் தனிப் பந்தி போட வேண்டும்.

ஓசூர்க்காரன்: 1965இல் சேலத்திலிருந்து தர்மபுரிக்காரர்கள் நீங்கள் பிரிந்தீர்களே, அப்போது எங்கே சாப்பிட்டீர்கள்?

கிருஷ்ணகிரி விரிவுரையாளர்: பயிற்சி வகுப்பு என்றாலே விடுப்பு எடுப்பவர்கள் இங்கே அளவுகோல் பற்றி வகுப்பெடுக்கிறார்கள்.

பென்னாகரத்தான்: நான் வந்தேன். பயிற்சி நடத்தும் கருத்தாளராக நின்றது நீங்கள். திரையில் இருந்ததை வரி விடாமல் வாசித்தீர்கள். கை தூக்கியவரிடம் ‘சாப்பிட்டுவிட்டு வந்து பேசலாம்’ என்றீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு உங்களைக் காணவில்லை.

கிருஷ்ணகிரி விரிவுரையாளர்: தனிப்பட்ட தாக்குதலுக்குப் பதில் சொல்ல மாட்டேன். நடுக்கட்டம் தப்பிக்கும் வழி, அவ்வளவுதான்.

அரூர் டீச்சர்: நான் கேட்டது மேலே அப்படியே கிடக்கிறது.

பென்னாகரத்தான்: உங்கள் நான்கு கட்டப் படிவத்தை அனுப்புங்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பேனாவால் நானே ஒரு கட்டம் வரைந்து டிக் அடித்துத் தருகிறேன்.

கிருஷ்ணகிரி விரிவுரையாளர்: செல்லாது என்று ஒதுக்கிவிடுவேன்.

பென்னாகரத்தான்: தாராளமாக. எத்தனை படிவங்களை ஒதுக்கினீர்கள், ஏன் ஒதுக்கினீர்கள் என்று கட்டுரையில் போடுவீர்களா? அதைச் சொல்லுங்கள் முதலில்.