ஆய்வுக்கு முன் அலாய் வீல் உரசலை நாமே பூசலாமா?

நெடுவழி: லீஸ் காரைப் பத்து நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் ஆய்வு இருக்கிறது. பிளாட்பாரத்தில் உரசியதில் இடது முன் சக்கர விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குப் பெயின்ட் பெயர்ந்திருக்கிறது. நகத்தால் தடவினால் சொரசொரக்கிறது. நானே சரிசெய்யட்டுமா, அப்படியே விடட்டுமா?

சாம்பல்நிறம்: தாராளமாகச் செய்யுங்கள், அரைநாள் வேலைதான். 240 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 400, 800 என்று போங்கள். டயருக்கும் விளிம்புக்கும் நடுவே பழைய விசிட்டிங் கார்டுகளை வரிசையாகச் செருகினால் ரப்பரில் பெயின்ட் படாது. பிரைமர், நிறம், கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) எல்லாமே மெல்லிய பூச்சாக. கனமாக அடித்தால் வழிந்துவிடும்.

பழையபட்டறை: தம்பி, உப்புத்தாளை எடுப்பதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். உரசல் வெளியே தெரியும், அடி உள்விளிம்பில் இருக்கலாம். அலாய் வீல் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம்தான், அது இரும்பு வீல் போல அவ்வளவு வளைந்து கொடுக்காது, விரிசல் விட்டுவிடும். பட்டி வைத்து அழகாகப் பூசிய ஒரு வீல் எங்களிடம் வந்தது. வாரத்துக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது என்றார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் பூச்சின் ஓரத்திலிருந்து குமிழ் குமிழாக வந்தது.

சாம்பல்நிறம்: அண்ணா, அவர் கேட்டது வெறும் உரசலைப் பற்றி. எல்லோரையும் இப்படிப் பயமுறுத்தினால் யாரும் எதையும் சொந்தமாகச் செய்யவே மாட்டார்கள்.

பழையபட்டறை: பூச வேண்டாம் என்றா சொன்னேன்? பார்த்துவிட்டுப் பூசுங்கள் என்கிறேன். விரிசலை மூடி மறைத்துக் கொடுத்தால், அடுத்து அந்த வண்டியில் குடும்பத்தோடு போகிறவரை நினைத்துப் பாருங்கள்.

மழைக்காலம்: நான் இரண்டு பேர் சொல்வதோடும் ஒத்துப்போகவில்லை. லீஸ் ஒப்பந்தத்தோடு தேய்மான விதிகள் இருக்கும். எந்த அளவு உரசல் வரை சாதாரணத் தேய்மானம் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருப்பார்கள். அதற்குள் இருந்தால் கை வைக்காதீர்கள். நிறம் ஒட்டாத பூச்சு, உரசலைவிட முதலில் கண்ணில் படும். அப்புறம், முகப்பு பளபளவென்று நுண்ணிய வட்டக் கோடுகளோடு இருந்தால் அது டைமண்ட் கட். அதைக் கையால் பழையபடி கொண்டுவர முடியாது, லேத்தில்தான் சீவ வேண்டும். ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையும்.

சாம்பல்நிறம்: டைமண்ட் கட் என்றால் என் யோசனையை விட்டுவிடுங்கள். சாதாரணப் பெயின்ட் வீலுக்குத்தான் சொன்னேன்.

நெடுவழி: கழற்றிப் பார்த்தேன். வட்டக் கோடுகள் இல்லை, பெயின்ட் வீல்தான். ஆனால் உள்விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் நசுங்கித் தட்டையாக இருக்கிறது, வெளியிலிருந்து தெரியவே இல்லை. சோப்புத் தண்ணீரில் குமிழ் வரவில்லை. நாளை வீல் கடையில் சுழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பெயின்ட் அதற்குப் பிறகுதான்.

பழையபட்டறை: சரி, நல்லது. மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இன்னொரு முறை பாருங்கள்.