படகுக்கு நம்ம அடுப்பா?

(செவ்வாய்பேட்டை குடும்பம் – வாட்ஸ்அப் குழு)

செல்வி அத்தை: ஆலப்புழை படகு வீடு உறுதி. 14 பேர். அம்மா மீன் வறுத்த சட்டியில் சமைத்ததைத் தொடமாட்டார். அதனால் நம்ம 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் வேனில் ஏற்றிவிடுகிறேன்.

பிரபு: சரி அத்தை 👍

கீதா அண்ணி: தட்டுவடை எத்தனை பாக்கெட் வாங்கட்டும்?

கப்பல் பெரியப்பா: செல்வி, சிலிண்டர் வேண்டாம்மா. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம், வாசல் வழியாகப் போய்விடும். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். படகில் அது பலகை இடுக்கு வழியாக அடிவயிற்றுக்குள் இறங்கித் தண்ணீர் மாதிரி தேங்கும். தானாக வெளியேற வழியே இல்லை. காற்றில் நூற்றுக்கு 2 பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அடித்தண்ணீரை இறைக்கிற மோட்டாரைப் போட்டால் அந்தப் பொறி போதும்.

ரமேஷ் சித்தப்பா: நாற்றம் வருமே அண்ணா

கப்பல் பெரியப்பா: காலடியில் தேங்குவது நிற்கிறவன் மூக்குக்குத் தாமதமாகத்தான் வரும். அதனால்தான் கசிவு வந்தால் கத்துகிற கேஸ் டிடெக்டரைத் தரையோரம் மாட்டுவது. நான் வேலை பார்த்த படகில் கூரையில் மாட்டியிருந்தார்கள். ஒருநாள் சந்தேகப்பட்டு ரெகுலேட்டர் கழுத்தில் சோப்பு நுரை தடவினேன். கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக ஊதி உடைந்தது, மறுபடி ஊதியது. தலைக்கு மேலே டிடெக்டர் சத்தமே போடவில்லை. அந்தக் குமிழி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கீதா அண்ணி: ஐயோ. ஏற்காட்டில் நமக்கெல்லாம் தலைவலி வந்ததே, அதுவும் இதுதானா மாமா?

கப்பல் பெரியப்பா: அது வேறம்மா. குளிருக்கு ஜன்னலைச் சாத்திக் கரி அடுப்பு வைத்தோம். அது கார்பன் மோனாக்சைடு. நாற்றமே இருக்காது. கேஸ் டிடெக்டர் அதற்குக் கத்தாது, தனிக் கருவி வேண்டும். அன்றைக்குக் குழந்தை அழுதுதான் நாம் பிழைத்தோம்.

செல்வி அத்தை: அந்த அறை வாடகை இன்னும் எனக்கு வரவில்லை. ரமேஷுக்குத் தெரியும்.

ரமேஷ் சித்தப்பா: இப்போது எதற்கு அது

பிரபு: படகுக்காரர் படம் அனுப்பினார். சிலிண்டர் பின்பக்கம், திறந்தவெளியில்.

கப்பல் பெரியப்பா: நல்லது. பெட்டிக்குள் வைத்திருந்தால் அடியில் துளை வெளிப்பக்கமாக இருக்கிறதா கேள். சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டரை மூடச் சொல். குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்து, தீ தானாக அணைந்த பிறகு அடுப்பை மூடட்டும். வீடென்றால் கேஸ் கசிவு அவசர எண் 1906-க்கு அழைக்கலாம். காயல் நடுவில் யார் வருவார்?

செல்வி அத்தை: அப்போ அம்மா சாப்பாடு?

கீதா அண்ணி: இண்டக்‌ஷன்?

பிரபு: பகலில் ஜெனரேட்டர் போடமாட்டார்களாம் அண்ணி

அப்பத்தா: 🎤 0:09

பிரபு: புதுச் சட்டி ஒன்று எடுத்துப் போனால் போதுமாம். காலையில் மீனுக்கு முன்னால் தனக்குச் சமைத்துவிட வேண்டுமாம்.

செல்வி அத்தை: சட்டி சரி. சிலிண்டரை ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம்.

கப்பல் பெரியப்பா: இதில் பேச ஒன்றுமில்லை செல்வி. அண்ணன் சொல்வதைக் கேள்.

கீதா அண்ணி: தட்டுவடை யாரும் சொல்லவில்லை. 20 பாக்கெட் வாங்குகிறேன்.