டப்பாவில் கட்டும் தயிர் சாதம்: மத்தியானம் வரை இறுகாமல், புளிக்காமல் இருக்க

காலையில் பிசைந்து கட்டின தயிர் சாதம் மத்தியானம் திறந்தால் ஒன்று களிமண் மாதிரி இறுகியிருக்கும், இல்லையென்றால் பல் கூசுகிற அளவுக்குப் புளித்திருக்கும். தயிரைத் தாராளமாக விட்டுப் பாலில் கஞ்சத்தனம் பண்ணினால் இரண்டும் நடக்கும். கட்டிக் கொடுக்கிற தயிர் சாதம் காலையில் பால் சாதமாகத்தான் இருக்க வேண்டும். அதில் விடுகிற தயிர் வெறும் உறை. மிச்ச வேலையை டப்பாவுக்குள் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஒரு டம்ளர் பச்சரிசிக்கு நாலு டம்ளர் தண்ணீர், குக்கரில் ஐந்தாறு விசில். ஆவி அடங்கித் திறந்ததும் சூட்டோடு சூடாகக் கரண்டியின் பின்பக்கத்தால் மசித்துவிடுங்கள். ஆறின பருக்கை மசியாது, கட்டி கட்டியாக நிற்கும். காய்ச்சின பால் இரண்டு டம்ளர். அதை அப்போதே விட்டுக் கிளறலாம், பால் சூடு தாங்கும். தயிர் தாங்காது. உள்ளங்கையைப் பாத்திரத்தின் வெளிப்பக்கம் வைத்தால் இதமாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் கால் டம்ளர் புளிக்காத தயிரும் ஒன்றரை டீஸ்பூன் உப்பும் சேருங்கள். அதற்கு முன்னால் அவசரப்பட்டு விட்டால் தயிர் திரிந்து, தண்ணீர் வேறு திப்பி வேறாகப் பிரியும். உறையும் செத்துப்போவதால் பாலும் தோயாது.

பதம்தான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். கரண்டியைச் சாய்த்தால் இட்லி மாவு மாதிரி வழிய வேண்டும். 'ஐயோ, நீர்த்துப்போச்சே' என்று மனசு அடித்துக்கொள்கிற பதம்தான் சரியான பதம். சோற்றின் மாவுச்சத்து ஆற ஆற இறுகும், கூடவே பாலும் தோயும். காலையில் கெட்டியாக இருந்தால் மத்தியானம் கரண்டியே இறங்காது.

* * *

மேலே சொன்ன கணக்கு, நாலைந்து மணி நேரம் கழித்துச் சாப்பிடுவதற்கு. உடனே தட்டில் போடுவதென்றால் அளவு தலைகீழ்: தயிர் ஒன்றரை டம்ளர், பால் அரை டம்ளர். இந்தச் சாதத்தை டப்பாவில் கட்டாதீர்கள், புளித்துவிடும்.

புழுங்கலரிசியென்றால் அரை மணி நேரம் ஊறப்போட்டு, தண்ணீர் இன்னும் அரை டம்ளர் கூட வையுங்கள். பச்சரிசி அளவுக்கு வெண்ணெயாகக் குழையாது, ஆனால் மோசமில்லை. ஃப்ரிட்ஜில் இருந்த பழைய சோற்றை அப்படியே தயிரில் பிசைந்தால் எவ்வளவு பிசைந்தாலும் விறைப்பு போகாது. தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கச் சுடவைத்து, மசித்த பிறகுதான் பாலும் தயிரும்.

* * *

தாளிப்பு பத்தி இன்னும் சொல்லவே இல்லையே! தயிர் சாதம் கெட்டுப்போறதுக்குப் பாதி காரணம் அங்கதான் இருக்கு.

இஞ்சியைப் பச்சையாத் துருவிப் போட்டுடாதீங்க. பச்சை இஞ்சிக்குப் பாலைத் திரிக்கிற குணம் உண்டு. பால் அதிகமா இருக்கிற கட்டுச்சாதத்துல அது வம்பு. பொடியா நறுக்கி எண்ணெய்ல நல்லா வதக்கிட்டா அந்தக் குணம் அடங்கிடும். வரிசை இதான்: ரெண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு வெடிச்சதும் உளுத்தம்பருப்பு, அது பொன்னிறமானதும் இஞ்சி, கீறின பச்சை மிளகாய் ரெண்டு, கறிவேப்பிலை, அடுப்பை அணைச்சுட்டுப் பெருங்காயம். பெருங்காயத்தை முதல்லயே போட்டா கருகிக் கசக்கும். அணைச்ச கையோட சாதத்துல கொட்டாதீங்க, ரெண்டு நிமிஷம் ஆறட்டும். கொதிக்கிற எண்ணெய் விழுந்த இடத்துல தயிர் பொரிஞ்சு திட்டுத் திட்டா நிக்கும்.

முந்திரி வறுத்துப் போடறதெல்லாம் வீட்டுல தட்டுல போட்டுச் சாப்பிடத்தான். டப்பால நமுத்துப்போகும்.

* * *

வெங்காயம், வெள்ளரி இரண்டையும் கலந்து கட்டவே கூடாது என்பது என் கட்சி. உப்பு பட்டதும் தண்ணீர் விடும், வெங்காய வாடை டப்பா முழுக்க ஏறிவிடும். தனியாகக் கட்டிக் கொடுத்து, சாப்பிடும்போது கலந்துகொள்ளச் சொல்லுங்கள். கேரட் துருவல், மாதுளை முத்து பரவாயில்லை.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாயோ உப்பு நார்த்தங்காயோ இருந்தால் சாதத்தில் உப்பைக் கால் டீஸ்பூன் குறையுங்கள். அவற்றில் ஏறியிருக்கிற உப்பே போதும்.

* * *

சின்னக் குழந்தைக்கென்றால் மிளகாயை விட்டுவிட்டு, நெல்லிக்காய் அளவு வெண்ணெயைச் சூட்டோடு மசித்துவிடுங்கள். பருக்கை தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

மூடியை எப்போது போடுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் வியர்த்துச் சாதத்தின் மேலேயே சொட்டும், உள்ளே சூடு நின்று சீக்கிரம் புளிக்கும். வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குக் கட்டினதை ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், சாயங்காலத்துக்கென்று மிச்சம் வைக்க வேண்டாம்.

இவ்வளவு பார்த்தும் இறுகிவிட்டால் தண்ணீர் விடாதீர்கள், சப்பென்று ஆகிவிடும். மேலும் தயிர் விட்டால் புளிப்புதான் ஏறும். வெதுவெதுப்பான பால் இரண்டு கரண்டி விட்டு, ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளறுங்கள்.