‘ஜேட் லெகஸி’: வருடங்களைத் தாண்டித் தாண்டிப் போவது உங்களுக்கு உறுத்தவில்லையா?

அலமாரிப்பூனை:
ஃபான்டா லீ எழுதிய மூன்று பாக மாயக்கதை நாவலில் முதல் இரண்டு பாகங்களை அடுத்தடுத்து முடித்தேன். முதல் பாகமான ‘ஜேட் சிட்டி’யில் கவுல் குடும்பத் தலைவன் லான் செத்தபோது அந்த வீட்டில் ஒரு ஆளாகவே ஆகிவிட்டேன். இப்போது கடைசிப் பாகமான ‘ஜேட் லெகஸி’யில் 200 பக்கம் ஆயிற்று, மனம் ஒட்ட மாட்டேன் என்கிறது. ஒரு சண்டை சூடு பிடிக்கிறது, அத்தியாயம் முடிகிறது, பக்கத்தைத் திருப்பினால் சில வருடங்கள் போயிருக்கின்றன. இப்போதுதான் தூக்கி வைத்திருந்த பிள்ளை அதற்குள் எதிர்த்துப் பேசுகிறது. இப்படியேதான் கடைசிவரை போகுமா? யார் சாகிறார்கள் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

மீள்வாசகி:
ஆமாம், கடைசிவரை இப்படித்தான். 700 பக்கத்துக்கு மேல் இருந்தாலும் 20 வருடத்துக்கும் மேலான கதை அது. நானும் முதல் தடவை எரிச்சல்பட்டேன். இரண்டாம் தடவை சண்டைகளை விட்டுவிட்டு லானின் தம்பி ஹிலோ, அவன் மனைவி வென் இருவரை மட்டும் பின்தொடர்ந்தேன். தன் மனைவி தனக்குத் தெரியாமல் ஜேட் (அணிபவருக்கு அபூர்வ சக்தி தரும் பச்சைக்கல்) கடத்தியதை ஹிலோவால் விழுங்க முடியவில்லை. வென்னோ அடிபட்டு, பேசவே தடுமாறுகிறாள். அந்தக் கோபம் ஒரு அத்தியாயத்தில் தீர்ந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். வருடங்கள் போகப் போகத்தான் அது கரைகிறது.

அப்புறம் அவர்கள் மகன் ரூ இருக்கிறான். ஜேட் அணிந்து சண்டை போடுவதையே பெருமையாக நினைக்கிற வீட்டில், அம்மாவைப் போலவே ஜேட்டின் சக்தி துளியும் ஏறாத பிள்ளை. அவன் வளர்ந்து ஆளானால்தானே அந்த வலி தெரியும்? குழந்தையாகவே வைத்திருந்தால் என்ன எழுத முடியும்!

கடைசிப்பக்கம்:
நான் அலமாரிப்பூனை கட்சி. ஹிலோவின் தங்கை ஷே வணிகம் பேசும் இடங்களில் இரண்டு முறை தூங்கியே போனேன். பேரோவைப் பற்றியும் யாராவது கேளுங்களேன். முதல் பக்கத்தில் வந்த திருட்டுப் பயல், மூன்று பாகமாக விடாமல் வருகிறான், ஒவ்வொரு முறையும் ‘இவன் இன்னுமா?’ என்று இருக்கும். ஆனால் அய்ட் மாடா விஷயத்தில் மட்டும் இந்த வருடக் கணக்கு பலித்திருக்கிறது. பரம எதிரியும் நம் கண்முன்னே வயதாவதைப் பார்க்கும்போது, வெறுப்பே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. முடிவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இரவில் படிக்காதே, அவ்வளவுதான்.

அலமாரிப்பூனை:
இது ஒன்றே போதுமே, பாதி உடைத்துவிட்டாய்! சரி, மீள்வாசகி சொன்னபடி வென் வரும் அத்தியாயங்களை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன். ஷே எனக்குப் பிடிக்கும், அவளைத் தாண்டிப் போக முடியாது.

மீள்வாசகி:
தாண்டவே தாண்டாதே. அந்த வீட்டு வளர்ப்புப் பிள்ளை ஆன்டென் வருகிற இடங்களையும்.