விண்ட்பிரேக்: 'காற்றுத்தடுப்பு' சரிதானா?

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடிக் கடலோரத் தொழிற்கூடம் ஒன்றில் ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிடும் திறந்தவெளிக்கான வரைபடக் குறிப்புகள் தமிழில் போகவேண்டும். காற்றின் வேகத்தைத் தணிக்கும் அமைப்பான 'விண்ட்பிரேக்' (windbreak) என்பதைக் 'காற்றுத்தடுப்பு' என்று எழுதினால் கொத்தனார் ஆறடிச் சுவரை எழுப்பிவிடுவார். சுவரில் மோதிய காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று இறங்கும். மணலும் சருகும் சாப்பாட்டுத் தட்டில் விழும். பரப்பில் 40 முதல் 50 விழுக்காடு இடைவெளி இருந்தால்தான் காற்று வேகம் தணிந்து கடந்துபோகும். 'காற்றுவடி' எனலாமா?
– திருநகர்

'வடி' என்றால் டீ வடிகட்டிதான் நினைவுக்கு வரும். உப்பும் அதிலேயே நின்றுவிடும் என்று நம்பி, பெஞ்சுக்குச் சாதாரண போல்ட்டைப் பூட்டிவிடுவார்கள். உப்புச்சாரல் உள்ளேயும் வரும். 304 தரத் துருப்பிடிக்காத எஃகிலேயே (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) துருப்புள்ளி விழும், 316 தரம் வேண்டும். 'காற்றுத்தட்டி'?
– பழங்காநத்தம்

தட்டி இன்று ஃபிளக்ஸ் பேனர் ஆகிவிட்டது. (அதிலும் காற்றுக்குப் பிறைபிறையாகக் கிழித்துத்தான் கட்டுகிறார்கள்!) நம் பக்கத்து ஆட்டுக்கிடையில் குச்சிகளால் பின்னி வைத்திருக்கிறார்களே படல், அதை எடுத்துக்கொள்வோம்: காற்றுப்படல். பின்னலும் சந்தும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. 'படல்' என்று கேட்டு யாரும் செங்கல் அடுக்கமாட்டார்கள். குறிப்பில் இப்படி வரும்: "காற்றுப்படல், உயரம் 3 மீட்டர், சட்டம் 50 மி.மீ., சந்து 45 மி.மீ." திறப்பு ஏறத்தாழ 47 விழுக்காடு. பெஞ்சுகளைப் படலிலிருந்து 6 முதல் 15 மீட்டருக்குள் போடலாம். உயரத்தைப்போல் பத்து மடங்குக்கு அப்பால் பலன் வேகமாகக் குறைந்துவிடும்.
– மேலூர்

சட்டப் பின்னலுக்குச் சரி. மர வரிசையைப் படல் என்பீர்களா? படல் தூக்கிவைப்பது, மரம் வேர்விடுவது. அதற்குக் 'காற்றுவேலி' போதும். உயிர்வேலி என்று முன்பே சொல்கிறோமே.

இரண்டும் வேண்டியிருக்கும் இடம் அது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து புழுதிக்காற்று. வடகிழக்குப் பருவத்தில் கடல் பக்கமிருந்து உப்புக்காற்று. மேற்கே வேம்பு நிற்கும். கிழக்கே முன்வரிசையில் தாழை, அடுத்துப் பூவரசு, பின்னால் புன்னையோ சவுக்கோ. கன்றுகளை முக்கோணமாக மாற்றி மாற்றி நடவேண்டும். சவுக்கை மட்டும் நட்டால் வளர வளர அடிமரம் மொட்டையாகி, கீழ்ச்சந்தில் காற்று முன்னைவிட வேகமாகப் பாயும். நடைவழிக்காக வேலியை நேராக வெட்டினாலும் அதே கதைதான். இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்று படியவிட்டு, வழியை வளைத்து விடுங்கள்.
– அழகர்கோவில்

ஒப்புக்கொள்கிறேன். கட்டியது காற்றுப்படல், நட்டது காற்றுவேலி. பொதுச்சொல் தேவைப்படும் தலைப்பில் 'காற்றுத்தணிப்பு' என்று போடுகிறேன். 'படலம்' என்று அச்சாகிவிடாமல் மெய்ப்புப் பார்ப்பவர் கவனிக்கவேண்டும்.
– திருநகர்