திருவிடைமருதூர்: கிழக்கு வாசலில் நுழைந்தால் எந்த வாசலில் வெளியே வரணும்?

காவேரிக்கரை:
தோஷ நிவர்த்திக்காக அப்பா அம்மாவை மகாலிங்க சுவாமி கோயிலுக்கு அழைச்சிட்டுப் போறோம். நுழைஞ்ச வாசல்ல திரும்பக் கூடாதாமே? சிலர் மேற்கு வாசல்ங்கிறாங்க, சிலர் அம்பாள் வாசல்ங்கிறாங்க. தைப்பூசத்துக்குப் போனா காவிரியில் குளிக்க முடியுமா?

மருதவனம்:
கதைப்படி மேற்கு. வரகுண பாண்டியனோட குதிரைக் காலில் அந்தணர் ஒருவர் மிதிபட்டு இறந்ததால பிரம்மஹத்தி, அதாவது அந்தணரைக் கொன்ற பாவம், பிடிச்சுது. மதுரைச் சொக்கநாதர் சொல்லித்தான் இங்கே வந்தான். கிழக்கு வாசலோட அது நின்னுடுச்சு, அவன் மேற்கால வெளியே போயிட்டான். அந்த பிரம்மஹத்தி உட்கார்ந்த நிலையில் சிலையா கிழக்கு வாசல்லயே இருக்கு, நுழையும்போது பாருங்க.

இப்போ பலரும் சுவாமியைத் தரிசிச்சு, அம்பாள் பெருநலமாமுலையம்மை, அந்தச் சன்னதிக்குத் தென்புறம் மூகாம்பிகைன்னு பார்த்துட்டு அம்பாள் வாசல் வழியா வெளியேறுறாங்க. திரும்ப அதே வாசலுக்கு வரக் கூடாதுங்கிறதுதான் விஷயம்.

சொதப்பறது செருப்புலதான். கிழக்கு வாசல்ல கழட்டிட்டு, கடைசியில் அதை எடுக்க உள்ளேயே திரும்பி வர்றவங்க நிறைய. வண்டியிலேயே விட்டுடுங்க, டிரைவரை வெளியேறுற வாசலுக்கு வரச் சொல்லுங்க.

குடந்தைக்காரன்:
வாசல் கணக்கிலேயே நின்னுடாதீங்க. மூணு பிராகாரத்துக்கும் (சுற்றி வர்ற பாதை) தனிப் பேர் உண்டு: வெளியே அஸ்வமேதம், நடுவில் கொடுமுடி, உள்ளே பிரணவம். மூணும் சுத்தணும்னா பெரியவங்களுக்குக் கால் வலிக்கும், மத்தியான வெயில்ல கல்லும் சுடும். காலையிலேயே போங்க. 27 நட்சத்திர லிங்கங்களும் அங்கேயே இருக்கு.

இறைவன் தன்னைத்தானே பூசிச்ச தலம்னு ஐதிகம். இதை நடுவில் வெச்சு வலஞ்சுழி பிள்ளையார், சுவாமிமலை முருகன், சேய்ஞலூர் சண்டிகேஸ்வரர், ஆவடுதுறை நந்தி, சூரியனார்கோயில் நவக்கிரகம், ஆலங்குடி குருன்னு சுத்திலும் பரிவாரத் தலங்கள், அதாவது ஒரு கோயிலுக்குள்ள இருக்கிற துணைச் சன்னதிகள் மாதிரி. தில்லை (சிதம்பரம்), ஆரூர் (திருவாரூர்), சீர்காழியும் அந்தக் கணக்குதான், ஆனா ஒரே நாள்ல முடியாது. சாயங்காலம் மிஞ்சினா ஆவடுதுறையும் சூரியனார்கோயிலும் போதும், ரெண்டும் கிழக்கே பக்கம்தான்.

மருதவனம்:
தைப்பூசத் தீர்த்தவாரி (சுவாமிக்கு ஆத்துல நடக்கிற நீராட்டு) காவிரியில், கல்யாண தீர்த்தம்ங்கிற துறையில. காவிரிக்குத் தண்ணி விடுற மேட்டூர் அணையை வழக்கமா ஜனவரி 28-ல் மூடிடுவாங்க. பூசம் பிப்ரவரியில் விழுந்தா ஆத்துல தண்ணி குறைவாத்தான் இருக்கும். முழுக்கு முக்கியம்னா அந்த வருஷம் பூசம் எந்தத் தேதின்னு முதல்ல பஞ்சாங்கத்துல பாருங்க.