பெரிய வீட்டுக் குழு: கதிருக்கு எந்தத் துப்பாக்கி?

கதிர்: அனைவருக்கும் வணக்கம். உரிமம் கைக்கு வந்துவிட்டது. மான் பருவம் தொடங்க ஆறு வாரம்தான் இருக்கிறது. ரெமிங்டன் 700, டிக்கா டி3எக்ஸ், சாவேஜ் 110, ரூகர் அமெரிக்கன் என்று நான்கைக் குறித்து வைத்திருக்கிறேன். எதை வாங்கட்டும்?

பாபு சித்தப்பா: டிக்கா.

பெரியப்பா: வின்செஸ்டர் மாடல் 70. வேறு பேச்சுக்கே இடமில்லை.

கதிர்: அது என் பட்டியலிலேயே இல்லையே பெரியப்பா.

பெரியப்பா: அதுதான் தவறு.

மீனா: அண்ணன் இடதுகைக்காரன். யாருக்காவது நினைவிருக்கிறதா?

சேகர் மாமா: மீனா கேட்டதுதான் முதல் கேள்வி. கதிர், பொறுமையாகப் படி. தோட்டாவை உள்ளே தள்ளி வெளியே இழுக்கும் தண்டுதான் போல்ட். அதன் கைப்பிடி வலப்பக்கம் இருந்தால், ஒவ்வொரு முறையும் நீ சுடும் விசையிலிருந்து இடக்கையை எடுத்து, மேலே தாண்டிக் கொண்டுபோய் இழுக்க வேண்டும். முகம் கட்டையை (குழலைத் தாங்கி, தோளில் பதியும் பகுதி) விட்டு எழும், குறி கலையும். வெற்றுத் தோட்டா வெளியேறும் வாயும் உன் முகத்தை ஒட்டியே வரும். ஆகவே இடதுகை வடிவம் கிடைப்பதை மட்டும் பார். சாவேஜ் 110 1958இலிருந்து வருகிறது. இடதுகைக்காரர்களை அவர்கள் கைவிட்டதே இல்லை. அதன் விசை எவ்வளவு அழுத்தத்தில் விழ வேண்டும் என்பதை நீயே திருகி அமைத்துக்கொள்ளலாம். டிக்கா பின்லாந்தில் சாகோ ஆலையில் செய்வது. போல்ட் வெண்ணெயாக நகரும், கைப்பிடியை 70 பாகை தூக்கினால் போதும். ரூகரிலும் அதே 70 பாகைதான், ஆனால் கட்டை இலேசானது. கையால் அழுத்தினாலே வளைந்து குழலைத் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். ரெமிங்டன் 700 1962இல் வந்தது, உதிரிப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பழையதாக வாங்கினால் மட்டும் விசையைச் சோதி. எக்ஸ்-மார்க் ப்ரோ என்ற விசை பொருத்தியவற்றை 2014இல் நிறுவனமே திரும்பப் பெற்றது.

பாபு சித்தப்பா: அதனால்தான் டிக்கா என்றேன்.

லலிதா அத்தை: முதலில் காதுக்கு மூடி வாங்கு கதிர். மாமாவின் இடப்பக்கம் நின்று பேசினால் ஒன்றும் கேட்பதில்லை. முப்பது வருடம் வெறும் காதோடு சுட்டார்.

சேகர் மாமா: உண்மைதான். வலது தோளில் வைப்பவனுக்குக் குழல் வாயை நோக்கி இருப்பது இடது காது. உனக்கு வலது காது. வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரு தோட்டாகூட மூடியில்லாமல் சுடாதே.

மீனா: பூட்டுப் பெட்டியும் வேண்டும். பிள்ளைகள் நடமாடும் வீடு.

கதிர்: சரி. தோட்டா? 308 வகை என்று நினைத்தேன்.

பாபு சித்தப்பா: 6.5 க்ரீட்மூர். தோளில் உதை குறைவு.

பெரியப்பா: 30-06. 1906இலிருந்து மான் விழுந்துகொண்டிருக்கிறது.

சேகர் மாமா: மச்சான், இவன் மெலிந்த உடம்பு. உதைக்குப் பயந்து கண்ணை மூடப் பழகிவிட்டால் அந்தப் பழக்கம் போகவே போகாது. 308கூட 30-06ஐவிட மென்மையாகத்தான் உதைக்கும்.

பெரியப்பா: மாடல் 70ஐ யாரும் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, அதனால் பேசுகிறீர்கள். தோட்டா மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் அறை) விட்டு எழும்போதே அதன் விளிம்பை ஒரு நகம் கவ்விக்கொள்ளும். பாதியில் போல்ட்டைப் பின்னால் இழுத்தாலும் தோட்டா கூடவே வரும். பதற்றத்தில் இரண்டு தோட்டா சிக்கிக்கொள்ளாது. 1964க்கு முன் செய்தவை அப்படி. அப்பாவுடையது அதுதான்.

பாபு சித்தப்பா: அது இப்போது யாரிடம் இருக்கிறது அண்ணா?

லலிதா அத்தை: பாபு, இப்போது வேண்டாம்.

பாபு சித்தப்பா: பதினோரு வருடமாக இதையேதான் சொல்கிறீர்கள் அக்கா. கட்டையில் அப்பாவின் கன்னம் படும் இடம் மட்டும் மெருகு தேய்ந்து வெளுத்திருக்கும். விற்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வாங்கிக்கொண்டிருப்பேன்.

மீனா: பெட்டிக்கு உள்நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் மாமா?

சேகர் மாமா: துப்பாக்கியில் குறிபார்க்கும் தொலைநோக்கி மாட்டிய பிறகு அளந்து சொல்கிறேன். உயரமும் கூடும்.

(இரவு 9.40)

பெரியப்பா: பாபு, அப்பா போன பிறகு அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. என்னால் தாங்க முடியவில்லை. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். தொலைநோக்கியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

லலிதா அத்தை: அண்ணா, இதை எங்களிடம் சொல்லவே இல்லையே.

கதிர்: பெரியப்பா, அதை என் துப்பாக்கியில் மாட்டலாமா?

சேகர் மாமா: பழைய கண்ணாடி. உள்ளே பனி படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். உதையில் குறி நகர்கிறதா என்பது பத்துத் தோட்டா சுட்டால் தெரியும்.

கதிர்: சனிக்கிழமை டிக்கா, சாவேஜ் இரண்டின் இடதுகை வடிவத்தையும் தோளில் வைத்துப் பார்க்கப் போகிறேன். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, திறக்கும்போது எதில் குறி நேராக இருக்கிறதோ அதுதான்.

சேகர் மாமா: அப்படித்தான் பார்க்க வேண்டும். தோட்டா இன்னும் முடிவாகவில்லை.

பாபு சித்தப்பா: 6.5.

பெரியப்பா: எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? நானும் வருகிறேன்.

பாபு சித்தப்பா: அண்ணா, அந்தத் தொலைநோக்கியின் குழாய் 25.4 மில்லிமீட்டரா, 30ஆ? துப்பாக்கியில் மாட்டும் வளையம் பார்த்து வைக்கிறேன்.

பெரியப்பா: மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து அளந்து சொல்கிறேன். தூங்கிவிடாதே.